சாப்பாட்டு மேஜையில் ஒரு கப்பல் பட்டறை!

கப்பல் கட்ட எவ்வளவு இடம் வேண்டும்? சாப்பாட்டு மேஜையில் பாதி போதும். கூடவே கூர்மையான கத்தி ஒன்று, ஒரு ட்வீசர், சின்ன அரம், உப்புத்தாள், ஃபெவிகால், துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன். மிச்சம் வேண்டியது நேரம்தான். சின்னப் படகு என்றால் சில வாரங்கள். மூன்று பாய்மரங்கள் கொண்ட போர்க்கப்பல் என்றால் இரண்டு, மூன்று வருடங்கள் சாதாரணம்.

மரத்தில் பாய்மரக் கப்பல் மாடல் கட்டுவது, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி முடிக்கிற வேலை இல்லை. பரிசுப்பொருள் கடைகளில் கண்ணாடிக்குள் நிற்கும் ஷோபீஸும் இல்லை. நிஜக் கப்பல் எந்த வரிசையில் கட்டப்பட்டதோ, அதே வரிசையில் கட்ட வேண்டும். முதலில் 'ஏரா' எனப்படும் அடிக்கட்டை. அதன்மேல் விலா எலும்புகள் போல நிற்கும் 'வங்கு'கள். அவற்றின்மேல் பலகைகள். பிறகு தளம், பாய்மரங்கள், கடைசியாகக் கயிறுகள். எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவாரஸ்யமும் தலைவலியும்.

உலகம் முழுக்க அதிகம் பேர் கட்ட ஆசைப்படும் கப்பல்களில் ஒன்று இங்கிலாந்தின் 'விக்டரி'. 1765-ல் மிதக்கவிடப்பட்டது. 1805 டிரஃபால்கர் போரில் தளபதி நெல்சன் குண்டடிபட்டு உயிர்விட்டது இதில்தான். இன்றும் போர்ட்ஸ்மவுத் நகரில் நிற்கிறது. 104 பீரங்கிகள், 37 பாய்கள், சுமார் 42 கிலோமீட்டர் கயிறு. இதை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 69 மீட்டர் உடல் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நிற்கும். ஆறடி ஆள் இரண்டரை சென்டிமீட்டர் பொம்மை ஆகிவிடுவார். ஓர் அங்குலக் கயிறு, தையல் நூலைப் போல மெலிந்துவிடும்.

அந்த இரண்டரை சென்டிமீட்டர் ஆள்தான் மாடல்காரரின் மேஸ்திரி. கைப்பிடிச் சுவர் அவர் கழுத்துவரை வந்தால் தப்பு. கதவில் தலை இடித்தால் தப்பு. அனுபவசாலிகள் அட்டையில் அந்த ஆளின் உருவத்தை வெட்டிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகம் முடிந்ததும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள்.

பறங்கிக்காய் கணக்கு

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம், பலகை ஒட்டுவது.

கடைகளில் கிடைக்கும் கிட் பெட்டிகளில் ஒரே அகலத்தில் மெல்லிய மரப்பட்டைகள் கட்டுக்கட்டாக இருக்கும். அப்படியே மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டே போனால் முடிந்துவிடும் என்று தோன்றும். நாலு வரிசை நன்றாகத்தான் போகும். ஐந்தாவது வரிசையில் முன்முனைப் பலகை முறுக்கிக்கொண்டு மேலே ஏறும். நடுவில் இடைவெளி வாயைப் பிளக்கும்.

காரணம் எளிது. ஒரு பறங்கிக்காயைப் பாருங்கள். காம்பில் தொடங்கும் கோடுகள் நடுவில் விலகி, அடியில் மறுபடி நெருங்குகின்றன. இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள பட்டை எல்லா இடத்திலும் ஒரே அகலம் இல்லை. கப்பலின் வயிறும் அப்படித்தான். நடுவில் சுற்றளவு அதிகம், முனையில் குறைவு. எத்தனை பலகைகள் வயிற்றை மூடுகின்றனவோ, அத்தனையும் முனைக்குள்ளும் அடங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பலகையையும் முனை நோக்கிச் சீவி ஒடுக்க வேண்டும். எவ்வளவு ஒடுக்குவது என்பதை ஒட்டத் தொடங்குமுன்பே அளந்து, வங்குகளில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறிப்புக்கு ஒரு சனிக்கிழமை செலவானால் பரவாயில்லை. குறிக்காமல் ஒட்டினால் ஒரு மாதம் வீண்.

மரப்பட்டையை வளைக்க வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சூடு காட்டி மெதுவாக வளைக்கிறார்கள். சூட்டுக்குத் தனிக் கருவி உண்டு. ஆனால், தலைமுடி சுருட்டும் மெஷினே போதும் என்று பலர் கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டில் சண்டை வராமல் இருக்க தனியாக ஒன்று வாங்கிக்கொள்வது உத்தமம்.

முதல் முயற்சியில் பிளவுகள் வரத்தான் செய்யும். நல்லவேளையாக, பல கிட்களில் இரண்டு அடுக்குப் பலகை. முதல் அடுக்கின் பிளவை மரத்தூளும் கோந்தும் குழைத்துப் பூசி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, மேலே அரை மில்லிமீட்டர் வால்நட் பட்டையை ஒட்டினால் கீழே நடந்த கூத்து யாருக்கும் தெரியாது.

தளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. முன்முனையிலிருந்து பின்முனைவரை ஒரே நீளப் பலகையாக ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால், அவ்வளவு நீளமான பலகைக்கு மரம் எங்கே? நிஜக் கப்பலில் ஏழு மீட்டர் அளவிலான பலகைகளைத்தான் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி இணைத்தார்கள். மாடலில் அது சுமார் 10 சென்டிமீட்டர். பலகை இடுக்குகளில் நாரைத் திணித்துக் கீல் ஊற்றுவார்கள். நம் ஊர்ப் படகுத் தொழிலில் 'கலப்பத்து' என்பது இந்த வேலையைத்தான். அந்தக் கறுப்புக் கோட்டைக் கொண்டுவர, பட்டையின் விளிம்பில் பென்சிலைத் தேய்த்துவிட்டு ஒட்டினால் போதும். மார்க்கர் பேனா வேண்டாம். வார்னிஷ் அடித்ததும் மை மரத்துக்குள் ஊறிப் பரவிவிடும்.

பலகைகளை இறுக்கும் மர ஆணிகளைக் காட்டலாமா, வேண்டாமா என்பதில் இந்த உலகில் முடிவில்லாத வாக்குவாதம். 72-ல் ஒரு பங்கு மாடலில் ஆணியின் தலை அரை மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். மூங்கில் குச்சியைத் துளைத் தகட்டில் இழுத்து இழுத்து அந்த அளவுக்கு மெலியவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் பெரிய ஆணியாகப் போட, கப்பலுக்கு அம்மை போட்டதுபோல ஆகிவிடுகிறது. சிறிதாகப் போட முடியாவிட்டால் போடாமலே விடுவது அழகு.

பல ஆயிரம் முடிச்சுகள்

உடல் முடிந்துவிட்டால் பாதிக் கப்பல் முடிந்தது. அடுத்தது கயிறு. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்கு ஏணிப்படி போலக் கயிறு கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு கயிற்றோடு சேரும் இடத்தில் ஒரு முடிச்சு. படிகளுக்கு நடுவே ஐந்து மில்லிமீட்டர்தான். விக்டரி போன்ற கப்பலில் இந்த முடிச்சுகள் மட்டும் ஆயிரக்கணக்கில் வரும். படியை அதிகமாக இழுத்துக் கட்டினால் கயிறுகள் உள்ளே வளைந்து, இடுப்பு ஒடுங்கின உடுக்கைபோல ஆகிவிடும்.

சாதாரண நூலை அப்படியே கட்டினால், அதன் பிசிறு பெருக்கிக் காட்டினாற்போலத் தெரியும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் பிசிறு அடங்கும். பாய்மரத்தைத் தாங்கும் நிலையான கயிறுகளுக்குக் கீல் பூசுவார்கள் என்பதால் அவை கறுப்பு. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிர் நிறம். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தாலே மாடல் பொம்மைக் கடையை விட்டு வெளியே வந்துவிடும். பாய்களைப் பலர் கட்டாமலே விடுகிறார்கள். சோம்பல் இல்லை. எவ்வளவு மெல்லிய துணியானாலும் இந்த அளவில் அதன் இழை சாக்கு மாதிரி தெரியும்.

தேக்கில் செய்யலாமே என்று யாராவது கேட்பார்கள். கூடாது. நிஜக் கப்பலுக்குத் தேக்கைப் போல மரம் இல்லை. ஆனால், அதன் ரேகைகள் பெரியவை. சின்ன மாடலில் ஒவ்வொரு ரேகையும் ஒரு விரிசல் போலத் தெரியும். ரேகையே தெரியாத மரம்தான் வேண்டும். வெளிநாட்டவர்கள் பேரி மரத்தையும் பாக்ஸ்வுட்டையும் தேடுவார்கள். நம் பக்கத்தில் மஞ்சக்கடம்பு இருக்கிறது. சன்னபட்டணா பொம்மைகளைக் கடையும் வெட்பாலை மரமும் இருக்கிறது.

ஆர்வத்தில் முதல் கப்பலாகவே விக்டரி கிட்டை வாங்குகிறவர்கள் உண்டு. பெட்டி பரணில் ஏறிவிடும், பெரும்பாலும் நாலாவது வரிசைப் பலகையோடு. ஒற்றைப் பாய்மரம் உள்ள படகிலோ, 'டோரி' எனப்படும் துடுப்புப் படகிலோ தொடங்கினால் முடிக்கும் வாய்ப்பு அதிகம். பிள்ளைகளுக்கு அளப்பது, உப்புத்தாள் போடுவது, முடிச்சு போடுவது எல்லாம் கொடுக்கலாம். கத்தி பெரியவர்கள் கையில் இருக்கட்டும். மரத்தூளுக்கு மாஸ்க் எல்லோருக்கும் அவசியம்.

எலும்பில் செய்த கப்பல்கள்

இந்தக் கலைக்கு ராஜ வம்சமும் உண்டு, சிறைச்சாலைக் கிளையும் உண்டு.

17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இங்கிலாந்தில் போர்க்கப்பல்களுக்கு 48-ல் ஒரு பங்கு அளவில் நேர்த்தியான மாடல்கள் செய்தார்கள். பாதி உடலுக்குப் பலகை ஒட்டாமல், உள்ளே வங்குகள் தெரியும்படி விட்டுவிடுவார்கள். கிரீனிச்சிலும் அமெரிக்காவின் அனாபொலிஸிலும் உள்ள அருங்காட்சியகங்களில் இவற்றைப் பார்க்கலாம். அந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை போரிலும் புயலிலும் போய்விட்டன, அல்லது உடைத்து விறகாகிவிட்டன. மாடல்தான் மிச்சம். தளத்தில் எது எங்கே இருந்தது, செதுக்குச் சிற்பம் எப்படி இருந்தது என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பொம்மைகளைத்தான் கேட்கிறார்கள்.

சிறைக் கிளை வேறு மாதிரி. நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சு வீரர்கள் இங்கிலாந்துச் சிறைமுகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். பீட்டர்பரோ அருகே 1797-ல் திறந்த நார்மன் கிராஸ் முகாம் அவற்றில் ஒன்று. சாப்பாட்டில் வந்த இறைச்சி எலும்புகளைச் சேர்த்து, தேய்த்து, பட்டையாக்கி, கப்பல் கட்டினார்கள். முகாமின் சந்தையில் விற்றார்கள். சிலவற்றில் ஒரு நூலை இழுத்தால் பீரங்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போகும். கையில் வரைபடம் ஏது? நினைவில் இருந்து செய்ததால் அளவுகள் பிசகும், பாய்மரம் தேவைக்குமேல் உயர்ந்து நிற்கும். வாங்குகிறவர் ஆங்கிலேயர் என்பதால் பல கப்பல்களுக்குப் பெயர் மட்டும் புகழ்பெற்ற ஆங்கிலக் கப்பலின் பெயர். தன்னைச் சிறைபிடித்தவனின் கப்பலைத் தன் கையாலேயே செய்து விற்று வயிறு கழுவ வேண்டிய நிலை.

வரைபடம் இல்லாத தோணி

கப்பலுக்கு வரைபடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மும்பையில் கட்டிய 'டிரிங்கோமாலி' ஓர் உதாரணம். பெயர் திருகோணமலையைக் குறிப்பது. இங்கிலாந்திலிருந்து வரைபடத்தைச் சுமந்துவந்த 'ஜாவா' என்ற கப்பல் 1812-ல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பலிடம் சிக்கி அழிந்தது. இன்னொரு பிரதி வரவேண்டியதாயிற்று. வாடியா குடும்பத்தாரின் மேற்பார்வையில் தேக்கில் உருவாகி, 1817-ல் மிதந்தது. இப்போதும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

நம் கடற்கரையின் கதை நேர் எதிர். இங்கே கப்பல் காகிதத்தில் இல்லை, ஓடாவியின் கண்ணிலும் கையிலும் இருந்தது. வளைந்து வளர்ந்த மரமாகப் பார்த்து வங்குக்கு எடுப்பார். அப்படிப்பட்ட கைகளில் பிறந்தவைதான் வல்வெட்டித்துறைக் கப்பல்களும். அங்கே கட்டிய 'அன்னபூரணி'யை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச்சென்று 1938-ல் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்குள் அதன் பெயர் 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாறியிருந்தது.

சோழமண்டலக் கரையின் தோணியையும், கயிற்றால் தைத்த சலங்குப் படகையும் அளந்து வரைந்துவைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. பெயர் பாரி. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள படகுகளைப் பற்றி 1840-களில் பெரிய நூலே போட்டார். பின்னாளில் பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்தபோது, அந்த வரைபடங்களை வைத்து மாடல்களும் செய்யவைத்தார். நம் தோணியைப் பார்க்கப் பாரிஸ் போகவேண்டும் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இன்று மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் ஃபைபருக்குப் போய்விட்டன. தூத்துக்குடித் தோணிகளுக்குப் பாய் போய் இன்ஜின் வந்து வெகுகாலம் ஆகிறது. மரப்படகு கட்டத் தெரிந்த ஓடாவிகள் இருக்கிறார்கள். வயதானவர்கள்.

ஆகவே, முதல் படகு கட்டிப் பழகியவர்களுக்கு இரண்டாவதாக விக்டரியைவிட நல்ல வேலை ஒன்று காத்திருக்கிறது. கரையில் ஏற்றிவைத்திருக்கும் ஒரு மர வள்ளத்தையோ தோணியையோ, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அளப்பது. ஏராவின் நீளம், அரை மீட்டருக்கு ஒருமுறை உடலின் அகலமும் ஆழமும், பலகைகளின் கனம், வங்குகளின் எண்ணிக்கை. டேப், தூக்குக்குண்டு நூல், நோட்டு போதும். அதை 20-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் பத்து மீட்டர்ப் படகு அரை மீட்டரில் மேஜைக்கு வந்துவிடும். ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தக் கரையில் என்ன பெயர் என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு ஊரின் சொல் அடுத்த ஊரில் மாறும். அதைப் பெரியவர் ஒருவரிடம்தான் கேட்க முடியும், அதுவும் மதிய வெயில் ஏறுவதற்குள்.