கொரிய நாட்டு நெருப்பிறைச்சி

கொரிய நாட்டார் இறைச்சி சுட்டுண்ணும் விருந்தில் அடுப்பு பெரும்பாலும் அடுக்களையில் இராது. உண்போர் நடுவே மேசைமீதே இருக்கும். அவ்வுணவுகளுள் ஒன்று புல்கோகி. 'புல்' என்பது நெருப்பு. 'கோகி' என்பது இறைச்சி. இதனை இல்லத்தில் நண்பர் ஒருவருடன் சமைக்கும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மாட்டிறைச்சி 500 கிராம் எடுத்து மெல்லிய ஏடுகளாக அரிக. சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 2, எள்ளெண்ணெய் 1, நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள், அரைத்த பேரிக்காய் ஆகியவற்றைக் கலந்து, அதில் 1 மணி நேரம் ஊறவைக்க. பேரிக்காயிலுள்ள நொதிகள் ஊனின் புரதத்தைச் சிதைத்து மென்மையாக்கும்.

இரும்புச் சட்டி நன்கு காய்ந்தபின் சில துண்டுகளையே இடுக. மிகுதியாக இடின், இறைச்சி விடும் நீரால் சட்டி குளிர்ந்து, துண்டுகள் வேகுமேயன்றிச் சிவக்கமாட்டா. ஆதலின் சிறிது சிறிதாகச் சுட்டு, சுடச்சுட உண்பதே முறை. இதற்குத் துணை வேண்டும். ஒருவர் சுட, மற்றவர் லெட்டூஸ் இலையில் சோறும் இறைச்சியும் சம்ஜாங் என்னும் காரவிழுதும் வைத்து மடித்து அவருக்கு ஊட்டுவர்; பின்னர் முறை மாறுவர்.

ஓர் எச்சரிக்கை. உணவு விடுதிகளிற் காணும் கரியடுப்பை வீட்டினுள் ஒருபோதும் ஏற்றலாகாது. அங்கே புகையை ஈர்த்தகற்றும் குழாய்கள் உண்டு. நம் அறையில் இல்லை. எரியும் கரியினின்று எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அறியாமலே உயிரைக் கவரும். வாயு அடுப்போ மின்னடுப்போ போதும். சாளரமும் திறந்திருத்தல் வேண்டும். பச்சையிறைச்சியை எடுத்த இடுக்கியால் வெந்ததைத் தொடவும் வேண்டா. உடனுண்ட நண்பர் மறுநாளும் நம்முடன் இருத்தல் வேண்டுமன்றோ!