வீட்டுக் கழிவுகளில் நோய்க்கிருமிகள்

வீட்டுக் கழிவுகளில் நோய்க்கிருமிகள் என்பது, வீடுகளிலிருந்து வெளியேறும் குப்பையில் காணப்படும், மனிதருக்கு நோய் உண்டாக்கவல்ல பாக்டீரியாக்கள், தீநுண்மங்கள் (வைரசுகள்), பூஞ்சைகள், ஒட்டுண்ணிகள் ஆகியவற்றைக் குறிக்கும். குப்பையில் வாழும் நுண்ணுயிரிகளில் பெரும்பாலானவை நோய் தருவன அல்ல. அவையே உணவுக் கழிவை மக்கச் செய்கின்றன. இக்கட்டுரை சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் குப்பையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

கிருமிகள் வந்துசேரும் வழிகள்

காய்கறித் தோலும் பழைய சோறும் மட்டும் இருக்கும் கூடையில் நோய்க்கிருமிகள் குறைவு. குழந்தைகளின் அணையாடைகள் (டயப்பர்), மாதவிடாய்த் துணிகள், மீன், இறைச்சிக் கழிவுகள், வளர்ப்பு விலங்குகளின் மலம், நீரிழிவு நோயாளர் பயன்படுத்திய இன்சுலின் ஊசிகள் ஆகியவற்றின் வழியாகவே அவை மிகுதியாக வருகின்றன. மலத்தின் வழியே சால்மோனெல்லா, சிகெல்லா, ரோட்டா தீநுண்மம், உருண்டைப் புழுவின் முட்டைகள் முதலியன சேரும்.

தீநுண்மங்கள் உயிருள்ள கலங்களுக்கு வெளியே பெருகுவதில்லை. தாக்குப்பிடித்துக் காத்திருக்க மட்டுமே இயலும். பாக்டீரியாக்கள் அவ்வாறல்ல. ஏற்ற வெப்பமும் ஈரமும் உணவும் கிடைத்தால், எசரிக்கியா கோலை ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. குப்பைக்குள் அவ்வளவு விரைவு அரிது என்றாலும், இரவு முழுவதும் கட்டி வைக்கப்படும் நெகிழிப் பை சென்னையின் வெக்கையில் அதற்கு ஓரளவு வசதி செய்து தருகிறது.

குப்பைக் கிடங்கில்

தென் சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஒரு பகுதியான பெருங்குடிக் கிடங்கிலும், வட சென்னையின் குப்பை கொடுங்கையூரிலும் கொட்டப்பட்டு வந்துள்ளன. பள்ளிக்கரணை 2022 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ சில நாட்கள் எரிந்தது.

குப்பை மலையே கிருமிகளின் பெருங்களஞ்சியம் என்பது பொதுவான எண்ணம். இது பாதியளவே சரி. ஆழத்தில் உயிர்வளி தீர்ந்து, மக்கும் வெப்பமும் அமிலங்களும் கூடுவதால், குடல் நோய் தரும் பாக்டீரியாக்களும் தீநுண்மங்களும் காலப்போக்கில் பெரும்பாலும் அழிகின்றன. எஞ்சுபவை தடித்த உறையுள்ளவை: இழுப்பு வாதத்தை (டெட்டனசு) உண்டாக்கும் குளொசுட்ரிடியத்தின் வித்துகள், உருண்டைப் புழுவின் முட்டைகள் போன்றன. மழைநீர் புதுக் குப்பையினூடே இறங்கிக் கறுத்த கசிவுநீராக வெளியேறும்போது, அழியாத கிருமிகளையும் சுமந்து வரலாம். அடியில் தடுப்புப் படலம் இல்லாத கிடங்கு சதுப்புநிலத்தில் அமைந்திருப்பது இதனாலேயே கவலைக்குரியது.

பாதிக்கப்படுவோர்

ஆகவே மிகுந்த இடர் பழங்குப்பையில் அன்று, புதுக் குப்பையில் உள்ளது. அதைக் கையால் தொடுவோருக்கே அது முதலில் நேர்கிறது. தூய்மைப் பணியாளர்களும், விற்கத்தக்க பொருட்களைப் பொறுக்குவோரும் பையைத் திறக்கும்போதுதான் ஊசி குத்துகிறது. கல்லீரல் அழற்சி பி தீநுண்மம் உலர்ந்த பரப்பிலும் குறைந்தது 7 நாட்கள் தொற்றுந்திறனுடன் இருக்கும், எச்.ஐ.வி.யைக் காட்டிலும் ஊசிக்குத்தால் எளிதில் தொற்றுவதும் இதுவே. இதற்குத் தடுப்பூசி உண்டு.

பிறருக்கு நோய் பெரும்பாலும் சுற்றுவழியில் வருகிறது. ஈக்கள் குப்பையிலிருந்து உணவுக்குக் கிருமிகளைக் கடத்துகின்றன. குப்பையைத் தேடி வரும் எலிகளின் சிறுநீரில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோசுபைரா வெளியேறும். வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தேங்கும் நீரில் வெறுங்காலுடன் நடப்போரை அது தோல் கீறல்கள் வழியே அடைகிறது. டெங்கு தீநுண்மம் குப்பையில் இருப்பதில்லை. எனினும் எறியப்பட்ட இளநீர்க் கூடு, டயர், குவளை ஆகியவற்றில் தேங்கும் மழைநீர், அதனைப் பரப்பும் ஏடிசு கொசுவுக்கு முட்டையிடும் இடமாகிறது.

கட்டுப்படுத்தல்

உரக் குவியலின் வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாட்கள் நீடித்தால் பெரும்பாலான நோய்க்கிருமிகள் இறக்கும். ஓரங்கள் வெப்பம் குறைந்தே இருப்பதால் குவியலைப் புரட்டிவிடுதல் இன்றியமையாதது. மாடியில் வைக்கும் சிறு மண்பானையில் இவ்வெப்பம் எட்டுவது அரிது. எனவே அதில் மலம் கலந்த எதையும் இடலாகாது. 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மக்குவன, மக்காதன, தீங்கு தருவன என மூன்றாகப் பிரிக்கக் கோரின. ஊசிகளைத் தடித்த மூடியுள்ள கலனில் தனியே சேர்ப்பதும், அணையாடைகளைத் தாளில் பொதிந்து தருவதும் பையைத் திறப்பவரின் கைகளைக் காக்கும்.

வெப்பத்தை விரும்பும் கிருமியும் உண்டு. அசுபெர்கிலசு பியூமிகேட்டசு என்னும் பூஞ்சை 50 பாகையிலும் செழிக்கும். உரக் குவியலைப் புரட்டும்போதும், பழைய கிடங்கை அகழ்ந்து பிரிக்கும்போதும் அதன் நுண்வித்துகள் தூசியோடு எழுகின்றன. நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கும் ஆசுத்துமா உள்ளவர்களுக்கும் அவை நுரையீரல் நோய் தரலாம் என்பதால், இப்பணிகளில் தூசியை நீர் தெளித்து அடக்குவதும் முகக்கவசம் அணிவதும் பரிந்துரைக்கப்படுகின்றன.