பழைய புல்வெட்டியும் கொஞ்சம் இயற்பியலும்

எங்கள் கல்லூரியின் விளையாட்டுச் சாமான் அறைக்குப் பின்னால் ஒரு தாழ்வாரம் உண்டு. கால் போன நாற்காலிகள், கிழிந்த வலைகள், உடைந்த பெஞ்சுகள் எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அவற்றை எடைக்கு ஏலம் விடுவதற்காகப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமாக நான் போனபோது எழுத்தர் ஒரு வரியை உரக்கப் படித்தார்: “பழைய இரும்பு, உருப்படி ஒன்று.”

பக்கத்தில் நின்ற தோட்டக்காரப் பெரியவர் மெதுவாகச் சொன்னார்: “அது பழைய இரும்பு இல்லீங்க ஐயா. புல் வெட்டுற மிசினு.”

குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் இரும்புச் சக்கரங்கள். நடுவில் சுருள் சுருளாக வளைந்த கத்திகள். மேலே உளுத்துப்போன ஒரு மரக் கைப்பிடி. எல்லாவற்றின் மீதும் செங்காவி நிறத்தில் துரு. பக்கத் தகட்டை விரலால் தேய்த்தபோது வார்ப்பிரும்பில் எழுந்து நிற்கும் எழுத்துகள் தெரிந்தன: ‘இப்ஸ்விச், இங்கிலாந்து’.

பெரியவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மைதானம் முழுவதையும் இந்தப் பொறியால்தான் வெட்டுவாராம். பிறகு பெட்ரோல் பொறி வந்தது. இது தாழ்வாரத்துக்குப் போனது. “இது வெட்டினா புல்லு பாய் விரிச்ச மாதிரி இருக்குமுங்க” என்றார். அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று மாதங்களே இருந்தன.

முதல்வரிடம் போய்க் கேட்டேன். “அடுத்த ஏலம் மூன்று மாதம் கழித்து. அதற்குள் ஓட வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எடைக்குத்தான்” என்றார். இப்படித்தான் எனக்கும் என் மாணவர் நால்வருக்கும் ஒரு புதிய பொழுதுபோக்கு வாய்த்தது.

துணி ஆலையில் பிறந்த பொறி

இந்தப் பொறி எங்கிருந்து வந்தது? அதன் கதை புல்வெளியில் தொடங்கவில்லை. கம்பளி ஆலையில் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஸ்ட்ரௌட் என்ற ஊரைச் சுற்றிக் கம்பளித் துணி ஆலைகள் பல இருந்தன. நெய்து முடித்த கம்பளித் துணியின்மேல் மெல்லிய மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் சீராக வெட்டி எடுக்க, சுருள் கத்திகள் பொருத்திய ஓர் உருளையைப் பயன்படுத்தினார்கள். எட்வின் பட்டிங் என்ற பொறியாளர் அதைப் பார்த்தார். துணியின் மயிரை வெட்டும் பொறி தரையின் புல்லையும் வெட்டாதா என்று எண்ணினார். ஜான் ஃபெராபி என்பவரின் வார்ப்படச் சாலையில் பொறியைச் செய்து, 1830-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அது 19 அங்குலம், அதாவது சுமார் 48 சென்டிமீட்டர் அகலம் வெட்டியது. 1832-இல் இப்ஸ்விச் நகரத்தின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று இவற்றைத் தயாரிக்கத் தொடங்கியது. எங்கள் பொறியின் மீதிருந்த ஊர்ப்பெயருக்குப் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

அதற்கு முன் புல்வெளிகளை நீண்ட பிடியுள்ள அரிவாளால்தான் வெட்டினார்கள். புல் நிமிர்ந்து விறைப்பாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பனி காயுமுன் விடியற்காலையிலேயே வெட்டவேண்டும். அதற்குப் பழகிய கைகள் பல வேண்டும். புல்வெட்டும் பொறி வந்த பிறகுதான் சாதாரண மக்களும் விளையாட்டுக் கழகங்களும் மட்டமான புல்தரையை வைத்துக்கொள்ள முடிந்தது. விம்பிள்டன் டென்னிஸ் போட்டி 1877-இல் தொடங்கியதற்குப் பின்னால் ஒரு பழுதுபார்க்கும் கதையே இருக்கிறது. அந்தக் கழகத்தில் மட்டக்குதிரை இழுக்கும் தரை உருளை பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்யப் பணம் திரட்டும் நோக்கத்தோடுதான் முதல் போட்டியை நடத்தினார்கள்!

பழைய புல்வெட்டிகளைத் தேடிப் பிடித்துச் சீர்செய்வது இன்றும் இங்கிலாந்தில் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. சவுத்போர்ட் என்ற ஊரில் புல்வெட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய புல்வெட்டி ஆர்வலர்களுக்கென்று 1990-இல் தொடங்கிய ஒரு கழகமும் அங்கு உண்டு.

ஒரு கத்தரிக்கோல், பல கைகள்

அரிவாளும் புல்வெட்டியும் ஒரே விதமாக வெட்டுவதில்லை. அரிவாள் வேகத்தால் வெட்டுகிறது. உருளைப் புல்வெட்டியோ கத்தரிக்கோலைப் போல வெட்டுகிறது. தரையை ஒட்டி அசையாமல் இருக்கும் அடிக்கத்தி ஒன்று. அதை உரசினாற்போல் கடந்துபோகும் சுழல் கத்திகள் பல. புல்லின் இதழ் இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு அறுபடுகிறது. அதனால்தான் வெட்டு இவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

சுழல் கத்திகள் ஏன் வளைந்திருக்கின்றன? நேராக இருந்தால் ஒரு கத்தி முழுவதும் ஒரே கணத்தில் அடிக்கத்தியைச் சந்திக்கும். தள்ளுபவர் கைக்கு அடி அடியாக விழும். சுருளாக இருப்பதால் சந்திக்கும் இடம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வழுக்கிக்கொண்டே போகிறது. விசை சீராகப் பரவுகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. எங்கள் பொறியின் சக்கர விட்டம் 25 செ.மீ. அப்படியானால் சுற்றளவு 78.5 செ.மீ. சக்கரத்தின் உட்புறத்தில் 60 பற்கள். உருளையின் சிறு பற்சக்கரத்தில் 12 பற்கள். ஆகவே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை 5 சுற்றுச் சுற்றும். உருளையில் 5 கத்திகள் இருப்பதால் ஒரு சக்கரச் சுற்றுக்கு 25 வெட்டுகள். 78.5-ஐ 25-ஆல் வகுத்தால், ஏறக்குறைய 3.1 செ.மீ-க்கு ஒரு வெட்டு. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடந்தால் வினாடிக்குச் சுமார் 32 வெட்டுகள் விழும். புல்வெட்டி ஓடும்போது ‘கிர்ர்’ என்று ஒரு தாழ்ந்த ஒலி எழுகிறதே, அதன் காரணம் இதுதான்.

இறுகிய நட்டு இளகியது எப்படி?

பழுதுபார்ப்பதன் முதல் விதி, ஸ்பானரைத் தொடாதிருப்பது. முதலில் படம் வரைந்துகொள்ள வேண்டும். புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றும் ஒவ்வொரு பாகத்திலும் எண் எழுதிய சீட்டைக் கட்டவேண்டும். உருளை திரும்பாதபடி மரக்கட்டையை முட்டுக் கொடுப்பதும் அவசியம். ஒரு பக்கச் சக்கரத்தை அசைத்தாலே கத்தி சுழன்று விரலை வெட்டிவிடும். பெட்ரோல் பொறியாக இருந்தால் முதல் வேலை ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றுவது.

நட்டுகள் அசைய மறுத்தன. மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து இரண்டு நாள் ஊறவிட்டோம். நான்கு நட்டுகள் இளகின; ஒன்று மட்டும் பிடிவாதம் பிடித்தது. எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு நட்டை மட்டும் சூடாக்கினோம்.

“சூடாக்கினால் இரும்பு விரிந்து துளை சிறிதாகிவிடாதா சார்?” என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. துளையும் பெரிதாகத்தான் ஆகும். துளையைச் சுற்றியுள்ள இரும்பின் ஒவ்வொரு வளையமும் நீள்கிறது. ஆகவே துளையின் விட்டமும் கூடுகிறது. 12 மில்லிமீட்டர் துளையை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் விட்டம் சுமார் 0.03 மி.மீ. கூடும். தலைமயிரின் கனத்துக்கும் குறைவுதான். ஆனால் துருவின் பிடியை விடுவிக்க அது போதும். நட்டு கீச்சென்று ஒலித்துத் திரும்பியது.

சிறு பாகங்களின் துருவை மின்னாற்பகுப்பால் நீக்கினோம். பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசல்; 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையில் துருப்பிடித்த பாகம்; நேர்முனையில் வேண்டாத இரும்புத் துண்டு. பாகத்தின் மீது ஹைட்ரஜன் குமிழிகள் எழும்ப, துரு கறுத்து இளகி உதிரும். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு என்பதால் இதைத் திறந்தவெளியில், ஆசிரியர் துணையோடு மட்டுமே செய்யவேண்டும். கம்பிகளை மாற்றுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போடாதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வரும். நேர்முனையில் எவர்சில்வரை வைக்காதீர்கள், கரைசல் நஞ்சாகிவிடும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் ஆகையால் உப்புத்தாளை நனைத்தே தேய்க்கவேண்டும்.

என் அவசரமும் நீல நிறமும்

இரண்டு மாதம் கழிந்தது. மீதமிருந்தது கத்திகளின் கூர். இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன்.

அடிக்கத்தியைக் கையால் தீட்டினால் ஒரு வாரமாகும். மின்சாரச் சாணைக்கல்லில் வைத்தால் பத்தே நிமிடம். ஒரு மாலை வேளையில், மாணவர்கள் போன பிறகு, நான் சாணைக்கல்லை ஓட்டினேன். தீப்பொறிகள் பறந்தன. நிறுத்திப் பார்த்தபோது கத்தியின் விளிம்பு நெடுகிலும் அழகான மயிற்கழுத்து நீலம் படர்ந்திருந்தது.

வகுப்பில் இருபது ஆண்டுகளாக நான் விளக்கி வந்த நிறம் அது. எஃகைச் சூடாக்கினால் அதன் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டாகிறது. சோப்புக் குமிழியில் தோன்றும் வண்ணங்களைப் போலவே, ஒளியின் குறுக்கீட்டு விளைவால் அதில் நிறங்கள் தோன்றுகின்றன. சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, ஏறக்குறைய 300 டிகிரியில் நீலம். நீலம் வந்தால் வெட்டும் விளிம்பின் கடினத்தன்மை போய்விட்டது என்று பொருள். அந்தக் கத்தி இனி ஓரிரு நாளில் மழுங்கிவிடும். நெடுங்காலம் தாங்கிய கத்தியை நான் பத்து நிமிடத்தில் கெடுத்துவிட்டேன்.

மறுநாள் மாணவர்களிடமும் பெரியவரிடமும் உள்ளதைச் சொன்னேன். மாணவர்கள் பேசவில்லை. பெரியவர்தான் கேட்டார்: “அருவா அடிக்கிற ஆசாரி லாரி வில்லுத் தகட்டுலதானுங்க அடிக்கிறாரு. இதையும் அதுலயே அடிச்சா என்னங்க?”

எனக்குத் தோன்றாத வழி அது! லாரியின் அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் வில்தகடு உயர்ந்த எஃகு. பழைய தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு நால்வரும் கொல்லர் பட்டறைக்குப் போனார்கள். அவர் அதைச் செந்தணலில் காய்ச்சி நேராக்கினார். திருகுத் துளைகளை முதலிலேயே போட்டுக்கொண்டோம். கடினமான பிறகு துளையிட முடியாது. பிறகு செஞ்சூட்டில் எண்ணெயில் தோய்த்தார். அப்போது எஃகு கண்ணாடியைப் போலக் கடினமாகும், ஆனால் நொறுங்கும். ஆகவே மறுபடி மெல்லச் சூடாக்கி, வைக்கோல் நிறம் வந்த கணத்தில் நிறுத்தினார். அவரிடம் வெப்பமானி இல்லை, கண்தான் வெப்பமானி. கடைசியாக ஒரு பாலிடெக்னிக் பட்டறையில், நீர் பாயப் பாய, சூடேறாமல் மட்டமாக அரைத்துத் தந்தார்கள்.

முன்னே தள்ளினால் ஓடவில்லை

எல்லாவற்றையும் பூட்டினோம். ஒரு மாணவன் ஆவலோடு முன்னே தள்ளினான். சக்கரம் உருண்டது, கத்தி அசையவில்லை. பின்னால் இழுத்தான். கத்தி பின்பக்கமாகச் சுழன்றது!

காரணம் சிறிய பற்சக்கரங்கள். அவற்றுக்குள் மிதிவண்டியின் ஃப்ரீவீல் போல ஒரு தடுப்பு நாக்கு உண்டு. முன்னே தள்ளும்போது அது கவ்வும். பின்னே இழுக்கும்போது வழுக்கிவிடும். இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவே என்று அவற்றுக்கு மட்டும் சீட்டுக் கட்டாமல் விட்டிருந்தோம், இடம் மாறிவிட்டன. முதல் விதியை மீறியதற்கு ஒரு நாள் தண்டனை.

அடுத்து, வால்வு தேய்க்கும் பசையை எண்ணெயில் குழைத்துச் சுழல் கத்திகளில் தடவி, உருளையைப் பின்பக்கமாகத் திருகிக் கைப்பிடியால் சுற்றினோம். அந்தப் பசையிலுள்ள கார்போரண்டம் துகள்கள் இரு கத்திகளையும் ஒன்றுக்கொன்று பொருந்தத் தேய்த்துவிடும். பசையைக் கழுவிவிட்டு, செய்தித்தாள் துண்டொன்றை அடிக்கத்தியின்மேல் நீட்டி உருளையைச் சுற்றினோம். கத்தி நெடுகிலும் தாள் சுத்தமாக அறுபடும்வரை இரு முனைத் திருகுகளையும் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகச் சரிசெய்தோம். மிக இறுக்கினால் உராய்வு கூடும், கத்தி தேயும். தளர்த்தினால் புல் மடங்கிவிடும், அறுபடாது.

மீண்டும் மைதானத்தில்

பெரியவர் ஓய்வு பெற இரண்டு நாள் இருக்கும்போது, காலை ஆறரை மணிக்கு எல்லோரும் மைதானத்தில் கூடினோம். யார் முதலில் ஓட்டுவது என்ற பேச்சே எழவில்லை. பெரியவர் செருப்பைக் கழற்றப் போனார். “காலணி போட்டுக்கொண்டே ஓட்டுங்கள்” என்று தடுத்தேன். ‘கிர்ர்’ என்ற ஒலி எழுந்தது. ஒரு வரிசை முடித்துத் திரும்பி, குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். “வலப்பக்கம் ஒரு துளி இறுக்கணுமுங்க” என்றார். திருகைக் கால் சுற்றுத் திருப்பினேன். அடுத்த வரிசை பாய் விரித்தாற்போல் இருந்தது.

அந்தப் பொறி ஏலத்துக்குப் போகவில்லை. நீலம் படர்ந்த பழைய அடிக்கத்தி எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடச் சுவரில் தொங்குகிறது. குறுக்கீட்டு விளைவைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அதைக் காட்டுகிறேன். அது யார் செய்த தவறு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் புல்வெட்டி இல்லாமலிருக்கலாம். ஓடாத தையல் மிசின், இறுகிப்போன சைக்கிள், பழைய கடிகாரம் ஏதேனும் ஒன்று கட்டாயம் இருக்கும். பெரியவர்களின் அனுமதி பெற்று ஒன்றைத் திறந்து பாருங்கள். முன்பு அதை ஓட்டியவரையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாத பக்கம் அவரிடம் இருக்கும்.

போகுமுன் ஒரு கணக்கு: கிரிக்கெட் ஆடுதளத்தை வெட்டும் பொறிகளில் கத்திகள் அதிகம். எங்கள் பொறியிலேயே 5-க்குப் பதில் 10 கத்திகள் இருந்தால், எத்தனை சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு விழும்? அதே வேகத்தில் நடந்தால் வினாடிக்கு எத்தனை வெட்டுகள்? ஒலி எப்படி மாறும்? யோசித்துப் பாருங்கள்.