உறை ஊற்றும் சூடு போதும்!

நாங்கள், அரியலூரில் வசிக்கிறோம். என் மகள், தன் பிறந்த நாளுக்கு தோழியர் 8 பேரை அழைத்து விட்டு, 'சீஸ் வச்ச ஸ்டப்டு பிரெட் வேணும்மா...' என்றாள். பேக்கரியில் விலை கேட்டதும், தலை சுற்றியது. 'நானே செஞ்சு தர்றேன்...' என்று, வாக்கு கொடுத்து விட்டேன்.

முதல் நாளே ஒத்திகை பார்த்தேன். ஈஸ்ட்டை கொதிக்கும் பாலில் போட்டதால், மாவு உப்பவே இல்லை. மகள் முகம் வாடிப் போச்சு.

பெரம்பலூரிலிருந்து, சின்ன வெங்காயத்தோடு வந்திருந்த மாமியார், 'கொதிக்கிற பால்ல உறை ஊத்தினா, தயிர் ஆகுமாம்மா... வெதுவெதுன்னு இருக்கணும்...' என்றார். ஈஸ்ட்டும் உயிருள்ளது தானே... சூட்டில் செத்து விடும் என்பது, அப்போது தான் உறைத்தது.

மறுநாள், 150 மி.லி., வெதுவெதுப்பான பாலில், ஈஸ்ட் 1, சர்க்கரை 2 டீஸ்பூன் கலந்து, 10 நிமிடம் வைத்தேன். நுரைத்ததும், கால் கிலோ மைதா, அரை டீஸ்பூன் உப்பு, சிறிது வெண்ணெய் சேர்த்து, நன்கு பிசைந்து மூடினேன். 1 மணி நேரத்தில், இரு மடங்காக உப்பியது.

துருவிய சீஸ் 100 கிராம், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை கலந்தால், பூரணம் தயார். சீஸில் உப்பு இருப்பதால், தனியாக வேண்டாம். மாவை 8 உருண்டையாக்கி, பூரணம் வைத்து, ஓரத்தை அழுத்தி மூடி, லேசாக தட்டி, 15 நிமிடம் விட்டேன். ஓவன் இல்லை, கனமான தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி, மூடி போட்டு, சிறு தீயில் இருபுறமும் சுட்டெடுத்தேன்.

பிய்த்ததும் சீஸ் உருகி வழிய, பிள்ளைகள் போட்டி போட்டு சாப்பிட்டனர்.

ஈஸ்ட் என்ற பெயரையே கேட்டிராத மாமியார் தான், என் மானத்தைக் காப்பாற்றினார். பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், தோழியரே!

— ஒரு வாசகி, அரியலூர்.