கித்தானிற் கலந்த வண்ணம்

மேனாட்டு ஓவியர் பன்னெடுங்காலமாகக் கித்தானை வண்ணத்தைத் தாங்கும் தளமாகவே கருதி வந்தனர். முதலிற் பசை தடவி, அதன்மேல் வெண்பூச்சிட்டு, துணியின் நுண்ணிய துளைகளை அடைத்த பின்னரே எண்ணெய் வண்ணந் தீட்டினர். வண்ணம் மேலே நின்றது. துணி கீழே மறைந்தது. இவ்விரண்டுக்கும் இடைநின்ற திரையை நீக்கியதே வண்ணத்தை ஊற்றி ஊறவிடும் முறையாகும். உருவங்களை விடுத்துப் பரந்த வண்ணப் பரப்புகளையே பொருளாகக் கொள்ளும் வண்ணப்புல ஓவியம் இம்முறையாற் பெரிதும் வளர்ந்தது.

இதற்கு வழிதிறந்தவர் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொலொக். அவர் கித்தானை நிலத்தில் விரித்து, அதனைச் சுற்றி நடந்தவாறே வண்ணத்தைச் சொட்டியும் ஊற்றியும் வரைந்தார். அவ்வழியில் அப்பாலுஞ் சென்றவர் நியூயோர்க்கைச் சேர்ந்த ஹெலன் பிராங்கென்தாலர் (1928–2011). கனடாவின் நோவா ஸ்கோஷியாவைக் கண்டு மீண்ட அவர், 1952 ஒக்டோபரில், தமது 23ஆம் வயதில், 'மலைகளும் கடலும்' என்னும் ஓவியத்தைப் படைத்தார். ஏறத்தாழ 7 அடி உயரமும் 10 அடி அகலமுங் கொண்ட, பூச்சிடாத கித்தானிற் கரியினாற் சில கோடுகளை இட்டு, டர்ப்பன்டைன் தைலத்தில் நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றினார். வண்ணம் இழைகளுட் புகுந்து பரவிற்று. தடித்த வண்ணத்தைப் போல மேலே படியாமையால் நெசவு புலப்பட்டது. வண்ணம் படாத வெறுந்துணியும் ஓவியத்தின் ஓர் உறுப்பாயிற்று.

1953இல் கலைத்திறனாய்வாளர் கிளெமென்ற் கிறீன்பேர்க்குடன் வந்து இவ்வோவியத்தைக் கண்ட மொரிஸ் லூயிஸ், கெனத் நோலண்ட் ஆகிய வாஷிங்டன் ஓவியர் இருவரும் இம்முறையைத் தமதாக்கினர். லூயிஸ் 1954இல் தொடங்கிய 'திரைகள்' என்னும் வரிசையில், நீர்த்த அக்ரிலிக் வண்ணங்களை ஒன்றன்மேலொன்றாக வழிந்தோடச் செய்து, மெல்லிய திரைகள் தொங்குவது போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்.

மைக்கூடு கவிழ்ந்த துணிக்கும் இதற்கும் வேற்றுமை யாதெனச் சிலர் வினவுவர். தூரிகையால் வரைந்த பிழையைச் சுரண்டியெடுக்கலாம். வேறு வண்ணத்தால் மறைக்கலாம். இழையில் ஊறியதை அவ்வாறு மீட்டல் அரிது. ஆதலின் வண்ணம் எவ்வளவு நீர்க்க வேண்டும், துணி எப்பக்கஞ் சாய வேண்டும், எவ்விடத்திற் கை நிற்க வேண்டும் என்பவற்றை ஓவியர் முன்னரே தேர்ந்து தெளிதல் வேண்டும். தற்செயலுக்கு இடமுண்டு, எனினும் அதனை ஏற்பதும் தள்ளுவதும் ஓவியரின் அறிவேயாம்.

இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. பூச்சானது துணியை எண்ணெயினின்று காக்கும் கவசமுமாகும். அஃதில்லாவிடத்து எண்ணெய் இழைகளுட் சென்று, கறையைச் சுற்றி மங்கிய வளையமாகப் படர்கின்றது. காலப்போக்கில் இழைகளையும் நொய்யச் செய்கின்றது. 1960களின் தொடக்கத்திற் பிராங்கென்தாலர் அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறினார். அவ்வண்ணத்தில் இத்தீங்கு குறைவு. ஆயினும் காப்புப் பூச்சற்ற வெறுந்துணியிற் படியும் தூசியையும் கறையையும் அகற்றுதல் எளிதன்று. வண்ணத்தையுந் துணியையும் ஒன்றாக்கிய முறை, துணிக்கு நேருங் கேட்டினை வண்ணத்துக்கும் உரியதாக்கிவிட்டது. அவ்வோவியங்களைக் காப்போர் இன்று வண்ணத்தை மட்டுமன்றி, அதனை ஏந்திய ஒவ்வோர் இழையையுங் காக்கக் கடமைப்பட்டுள்ளனர்.