வழக்கறிஞரும் விண்ணகம் புகலாம்

"பொய்யைப் பிழைப்பாகக் கொண்ட தொழிலுக்கா, சாமி, என் மகனை அனுப்புவது?"

பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்த வாரத்தில், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பங்கு இல்லத்து வாயிலில் நின்றபடி ஒரு தந்தை என்னிடம் கேட்ட கேள்வி இது. மகனோ சட்டம் படிப்பதென உறுதி பூண்டிருந்தான். "கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுந்தான் வக்கீல் வேலை என்று அப்பா நினைக்கிறார், சாமி. கம்பெனிகளில் சட்ட ஆலோசகர் ஆகலாம், அரசுப் பணிக்குப் போகலாம், சட்டக் கல்லூரியில் பேராசிரியராகவும் ஆகலாம்" என்றான் அவன்.

தந்தையின் அச்சத்திலும் நியாயம் உண்டு. மகனின் கனவிலும் நியாயம் உண்டு. அன்று நான் இரண்டொரு சொற்களில் கூறிய விடையை ஈண்டு விரித்து எழுதுகிறேன். இதே கேள்வி நம் குடும்பங்கள் பலவற்றில் எழக்கூடியதே அன்றோ!

நம் ஆண்டவர் தம் காலத்துச் சட்ட அறிஞர்களைக் கடுமையாகக் கண்டித்தார் என்பது உண்மை. சுமக்க இயலாத சுமைகளைப் பிறர்மேல் ஏற்றிவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் அவற்றைத் தொடாதவர்கள் என்று அவர்களைக் கடிந்துகொண்டார். ஆயினும் நல்ல சமாரியர் உவமை நமக்குக் கிடைத்தது எப்படி? தன் அயலான் யார் என்று ஒரு சட்ட அறிஞர் கேட்ட கேள்விக்கு விடையாகவே அது கிடைத்தது. எனவே சட்டம் கற்றோருக்கும் இயேசுவின் அருகே இடம் உண்டு. அந்த இடத்தில் அமர்ந்தவர்களுள் தலைசிறந்தவர் இங்கிலாந்து நாட்டுப் புனித தாமஸ் மூர். நம் இளைஞன் விரல்விட்டு எண்ணிய மூன்று துறைகளையும் தம் ஒரே வாழ்வில் கண்டவர் அவர்.

வணிகரின் வழக்கறிஞர்

1478ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பிறந்த மூர், வழக்கறிஞரின் மகன். ஆக்ஸ்போர்டில் சிறிது காலம் பயின்றபின், தந்தையின் விருப்பப்படி சட்டக் கல்விக்குத் திரும்பி, 1496இல் லிங்கன்ஸ் இன் எனும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். கர்த்தூசியத் துறவியரின் மடத்தருகே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் செபத்திலும் தவத்திலும் வாழ்ந்து, துறவறமா இல்லறமா என ஆராய்ந்து, இறுதியில் இல்லறத்தைத் தேர்ந்துகொண்டார்.

அந்நாளில் லண்டனின் செல்வமெல்லாம் துணி வணிகத்தில் இருந்தது. மெர்சர்ஸ் எனும் வணிகர் சங்கம் 1509இல் அவரைத் தன் உறுப்பினராக்கிற்று. ஆண்ட்வெர்ப் நகரப் பிரதிநிதிகளோடு இலத்தீன் மொழியில் பேச்சு நடத்தவும், 1515இல் பிளாண்டர்ஸ் சென்று வணிக உடன்பாடு காணவும் வணிகர்கள் அவரையே நாடினர். இன்றைய கம்பெனிச் சட்ட ஆலோசகரின் பணியை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் செய்தார் எனலாம். ஆண்டுக்கு நானூறு பவுனுக்குக் குறையாமல் அவருக்கு வருமானம் வந்தது என்று அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதிவைத்திருக்கிறார். அக்காலத்தில் அது பெருஞ்செல்வம்.

அச்செல்வம் வந்த வழி எத்தகையது? தமது ஆதாயத்தைவிடக் கட்சிக்காரரின் நன்மையையே மூர் கருதினார் என்றும், சமாதானமாகப் போவதே செலவு குறைந்த வழி என்று அவர்களுக்கு அறிவுரை கூறுவார் என்றும் அவர்தம் நண்பர் எராஸ்முஸ் சான்று பகர்கிறார். 1510இல் லண்டனின் துணை ஷெரீப் ஆகி, வியாழக்கிழமைதோறும் காலையில் வழக்குகளை விசாரித்தபோது, வழக்காடிகள் செலுத்தவேண்டிய கட்டணத்தைப் பெரும்பாலும் வாங்காமலே விட்டார்.

ஆசிரியர் இருக்கையில்

பர்னிவல்ஸ் இன் எனும் சட்டப் பள்ளியில் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அவர் போதித்தார். பின்னர் தாம் பயின்ற லிங்கன்ஸ் இன்னிலும் 1511, 1515 ஆகிய ஆண்டுகளில் விரிவுரையாளராக அமர்ந்தார். இளமையில் லண்டன் புனித லாரன்ஸ் ஆலயத்தில் புனித அகுஸ்தினாரின் 'இறைவனின் நகரம்' என்ற நூலைப்பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கக் கற்றறிந்தோர் திரண்டனர். மனித சட்டத்தைக் கற்பித்தவர் இறைவனின் சட்டத்தையும் மறவாமல் கற்றார் என்பதை நம் மாணவர்கள் கவனிப்பார்களாக!

அரசரின் ஊழியர்

1518க்குள் மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆலோசனைச் சபையில் மூர் இடம்பெற்றுவிட்டார். 1523இல் மக்களவைத் தலைவரானபோது, உறுப்பினர்கள் அச்சமின்றிப் பேச உரிமை வேண்டுமென மன்னரிடம் விண்ணப்பித்தார். 1529 அக்டோபரில் நாட்டின் தலைமை நீதிப் பதவியான லார்டு சான்சலர் பதவி அவரை வந்தடைந்தது.

அவ்வளவு உயர்ந்த பதவியிலும் அவர் எப்படி வாழ்ந்தார்? வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்தில் தம் நீதி இருக்கைக்குச் செல்லுமுன், அங்கேயே மற்றொரு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்திருந்த முதிய தந்தையின் முன் எல்லோரும் காண முழந்தாளிட்டு ஆசி பெறுவார். பிற்பகல்களில் தம் இல்லத்துக் கூடத்தில் அமர்ந்திருப்பார். முறையீடு உள்ளவர் எவரும் தயக்கமின்றி வரலாம். சொந்த மருமகன் ஒருவர் சலுகையை எதிர்பார்த்து வழக்கை நீட்டிக்கொண்டே போனபோது அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். தமக்கு ஆதரவாகத் தீர்ப்புப் பெற்ற ஒரு செல்வப் பெண்மணி கையுறைக்குள் நாற்பது பவுன் பொற்காசுகளை வைத்துப் புத்தாண்டுப் பரிசாக அளித்தபோது, அம்மையாரின் மனம் நோகாதபடி கையுறையை மட்டும் ஏற்றுக் காசுகளைத் திருப்பித் தந்தார்.

புனிதரைப் புகழும்போதும் உண்மையை மறைத்தலாகாது. அவர் பதவியில் இருந்த காலத்தில் தப்பறைக் கொள்கையினர் எனத் தீர்ப்பிடப்பட்ட சிலர் தீக்கிரையாயினர்; அத்தண்டனையை அவர் தவறெனக் கருதவில்லை. சமய உரிமை மானிட மாண்பிலேயே வேரூன்றியது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததைக் கற்ற நாம், அவரிடம் இதைப் பின்பற்றுவதற்கில்லை. புனிதரும் தம் காலத்தின் குறைகளைச் சுமந்தவரே.

மௌனமும் சம்மதமும்

மன்னர் தம் மனைவி கத்தரீனை விலக்கி வேறு மணம் புரிய விழைந்தார். திருத்தந்தையின் அதிகாரத்தை மறுத்துத் தம்மையே திருச்சபைக்குத் தலைவராக்கிக்கொள்ள முனைந்தார். மூர் 1532 மே 16ஆம் நாள் பதவியைத் துறந்தார். வருமானம் ஆண்டுக்கு நூறு பவுனுக்குச் சற்றே மேலாகச் சுருங்கிற்று.

அப்போது பிள்ளைகளை அழைத்து அவர் கூறியதை ஒவ்வொரு பெற்றோரும் மனத்தில் இருத்தவேண்டும். ஆக்ஸ்போர்டின் எளிய உணவில் தொடங்கி, சட்டப் பள்ளி, லிங்கன்ஸ் இன், அரச மாளிகை எனப் படிப்படியாய் ஏறினோம். இனி அதே படிகளில் இறங்குவோம். ஆக்ஸ்போர்டு உணவுக்கும் வழியில்லையேல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுவீடாய்ச் சென்று கிருபை தயாபத்து செபத்தைப் பாடிப் பிச்சை எடுப்போம். அப்போதும் ஒன்றாய், மகிழ்ச்சியாய் இருப்போம் என்றார். அவருடைய எழுத்துப் பணிக்கு நன்றியாக ஆயர்கள் திரட்டிய நாலாயிரம் பவுனுக்குக் குறையாத தொகையையும் வாங்க மறுத்தார். குளிர்காலத்தில் விறகுக்குப் பணமின்றிக் காட்டுப் பெரணியைக் கொளுத்திக் குளிர்காய்ந்தது அக்குடும்பம்.

1534 ஏப்ரலில் அரச வாரிசுரிமைபற்றிய ஆணையிடுமாறு கட்டளை பிறந்தது. பட்டத்துக்குரியவர் யார் என்று முடிவுசெய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை மூர் மறுக்கவில்லை. ஆனால் திருத்தந்தையின் அதிகாரத்தை மறுக்கும் சொற்கள் அந்த ஆணையில் பொதிந்திருந்தன. அவர் ஆணையிடவில்லை, காரணமும் கூறவில்லை. லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்கிறோம் அல்லவா? அதே கருத்துள்ள சட்ட முதுமொழியைத்தான் விசாரணையின்போது மூர் எடுத்துக்காட்டினார். தம் மௌனத்துக்குப் பொருள் கூறுவதாயின், சம்மதம் என்றே சட்டப்படி கொள்ளவேண்டும். மறுப்பென்று கொண்டு தண்டிக்க முடியாது என்று வாதாடினார். ஆனால் அரசுத் துணைத் தலைமை வழக்கறிஞர் ரிச்சர்டு ரிச் என்பவர், மூர் சிறையில் தம்மிடம் மன்னரின் தலைமையை மறுத்துப் பேசியதாகச் சாட்சி சொன்னார். அது பொய்ச்சாட்சி என்று மூர் அறிவித்தும் பயனில்லை. 1535 சூலை 6ஆம் நாள், மன்னரின் நல்லூழியனாகவும், அதற்கு முன்னே இறைவனின் ஊழியனாகவும் இறப்பதாகக் கூறி, தலை கொடுத்தார்.

அன்பர்களே, மூரும் ரிச்சும் ஒரே சட்டத்தைப் பயின்றவர்கள். நெடுங்காலம் ஒரே பங்கில் வாழ்ந்தவர்கள். 1547இல் அதே லார்டு சான்சலர் பதவியில் ரிச்சும் அமர்ந்தார்! படிப்பும் பதவியும் ஒன்றே, மனச்சான்றோ வேறு. தந்தையின் அச்சம் ரிச்சைக் கண்டு எழுந்தது. மகனின் கனவோ மூரிடம் நிறைவேறியது. 1935இல் பதினொன்றாம் பத்திநாதர் மூருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 2000ஆம் ஆண்டில் புனித இரண்டாம் ஜான் பால் அவரை அரசியல் தலைவர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

வேறு இருவர்

இரத்தம் சிந்தினால்தான் புனிதம் என்பதில்லை. இத்தாலியரான முத்திப்பேறு பெற்ற கொந்தார்தோ பெர்ரீனி உரோமைச் சட்டப் பேராசிரியர். மெசினா, மோதெனா, பாவியா பல்கலைக்கழகங்களில் கற்பித்து, மிலான் நகர மன்றத்திலும் பணியாற்றி, 1902இல் தம் 43ஆம் வயதில் காலமானார். அமைதியான நூலக வாழ்வே அவரைப் பீடத்துக்கு உயர்த்தியது.

நேப்பிள்ஸ் நகரின் புனித அல்போன்ஸ் லிகோரி பதினாறு வயதிலேயே சட்ட முனைவரானவர். அநீதியான வழக்கை ஏற்பதில்லை, கட்சிக்காரருக்கு வீண்செலவு வைப்பதில்லை, தம் அசட்டையால் நட்டம் நேர்ந்தால் அதை ஈடுசெய்வது என்று தமக்குத்தாமே விதிகள் வகுத்துக்கொண்டார். 1723இல் ஒரு பெரிய வழக்கில் தோற்றபின் நீதிமன்றத்தை விட்டே விலகிக் குருவானார். அவர் வழக்குத் தொழிலைத் துறந்தார். மூர் அதிலேயே நிலைத்தார். அழைப்பு வேறு, இறைவன் ஒருவரே.

அந்தத் தந்தைக்கு நான் கூறியது இதுதான்: "மகனைச் சட்டம் படிக்க அனுப்புங்கள். கம்பெனிக்குத் தன் அறிவைக் கொடுக்கட்டும். அரசுக்குத் தன் பேனாவைக் கொடுக்கட்டும். மாணவருக்குத் தன் நாவைக் கொடுக்கட்டும். மனச்சான்றை மட்டும் எவருக்கும் கொடுக்கவேண்டாம். நாளை அவன் ஒரு பொய்ப் பத்திரத்தில் ஒப்பமிட மறுத்து வேலையை இழந்து வந்து நின்றால், 'பிழைக்கத் தெரியாதவன்' என்று நீங்கள் ஏசாதிருப்பீர்களா?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனின் தோளில் கை வைத்து, "ஏச மாட்டேன், சாமி" என்றார்.

பெற்றோரே, சூன் 22ஆம் நாள் புனித தாமஸ் மூரின் திருநாள். அன்று மாலை குடும்ப செபத்துக்குக் கூடும்போது, பிள்ளைகளிடம் எவ்வளவு சம்பாதிப்பாய் என்று கேட்பதற்கு முன், எதைச் செய்ய மறுப்பாய் என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்வியோடு, அவர்கள் மறுத்து வரும் நாளில் கதவைத் திறந்து வைத்திருப்போம் என்ற வாக்குறுதியையும் கொடுங்கள்.