விசைத்தறியில் உடைவைத் தடுக்கும் காப்பு அமைப்பு

விசைத்தறியில் ஓடும் நாடா எதிர்ப் பக்கப் பெட்டியைச் சென்று சேராமல் பாவு இழைகளுக்கு நடுவே நின்றுவிட்டால், அச்சு முன்னால் வந்து அதன் மேல் மோதுவதற்குள் தறியை நிறுத்தும் இயங்குமுறையே விசைத்தறிக் காப்பு அமைப்பு ஆகும். சில தறிகளில் இது தறியை நிறுத்துவதோடு அச்சையும் பின்னால் விலகச் செய்கிறது. பாவு இழைகள், நாடா, அச்சு, ஸ்லே, கிராங்கு தண்டு, பல்சக்கரங்கள் ஆகியவை உடையாமல் இருப்பது பெரிதும் இதைப் பொறுத்தது.

இராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலி, அரக்கோணம் வட்டாரத்திலும், வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்திலும் நெசவு நெடுங்காலத் தொழில். குடியாத்தம் கைலிக்குப் பெயர் பெற்ற ஊர். இப்பகுதியின் வெளியூர்ப் புகழ் தோல் தொழிலால் வந்தது என்றாலும், தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. சிறிய விசைத்தறிக் கூடங்களில் கூலி பொதுவாக நெய்த துணியின் அளவுக்குத்தான் கிடைக்கும். எனவே தறி நிற்கும் நேரம் நெசவாளருக்குக் கூலி இல்லாத நேரம். உடைந்த உறுப்பின் விலையோ தறி உரிமையாளரின் செலவு. ஒரு சிறிய இரும்புத் துண்டு சரியான இடத்தில் இருக்கிறதா இல்லையா என்பதில் இருவருடைய அன்றைய வருமானமும் அடங்கியிருக்கிறது.

நாடாவின் வேகம்

இந்த அமைப்பு ஏன் தேவை என்பதை ஒரு கணக்கால் எளிதில் புரிந்துகொள்ளலாம். நிமிடத்துக்கு 150 முறை ஊடை போடும் சாதாரண விசைத்தறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு முறைக்குக் கிடைப்பது 0.4 நொடி. அச்சு அடிப்பதற்கும், பாவு பிரிந்து வழிவிடுவதற்கும் போக, நாடா பறப்பதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.13 நொடிதான் மிஞ்சும். அதற்குள் நாடா ஏறத்தாழ 1.5 மீட்டர் கடக்க வேண்டுமானால் நொடிக்கு 11 மீட்டருக்கு மேல், மணிக் கணக்கில் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் அது பறந்தாக வேண்டும்.

தார்க்குச்சியும் நூலும் சேர்ந்து நாடாவின் எடை 350 கிராம் என்று வைத்தால், அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 22 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை இரண்டே கால் மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையில் விழும் அடிக்கு இது சமம். இந்த அடியைப் பெட்டியும் பிக்கரும் ஒரு மணி நேரத்தில் 9,000 முறை வாங்கிக்கொள்கின்றன. விசைத்தறியில் உடைவு அடிக்கடி நேர்வதில் வியப்பில்லை. உடையாமல் ஓடுவதுதான் வியப்பு.

நாடா நடுவழியில் நின்றால் நிலைமை இன்னும் மோசம். அப்போது ஸ்லேயின் முழு எடையும், மோட்டாரின் இழுப்பும் சேர்ந்து நாடாவைத் துணியின் விளிம்போடு வைத்து நசுக்கும். நாடாவின் நீளம் 13 அங்குலம், பாவு அங்குலத்துக்கு 60 இழை என்றால், ஒரே அடியில் சுமார் 780 இழைகள் அறுபடக்கூடும். அறுந்த ஒவ்வொன்றையும் தேடி, முடிந்து, விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் கோத்தெடுக்க அரை நிமிடம் என்றாலும் ஆறரை மணி நேரம் ஆகும். ஒரு நாள் வேலை போயிற்று. இதற்கு மேல் அச்சின் பற்கள் வளைவதும், ஸ்லேயைத் தாங்கும் வாள் என்னும் செங்குத்துச் சட்டம் விரிவதும், கிராங்கு தண்டு வளைவதும் உண்டு.

நாடா நிற்பதற்குக் காரணங்கள் பல. பிக்கிங் அடி வலுக்குறைதல், பாவு இழை ஒன்று அறுந்து பக்கத்து இழைகளோடு சிக்கிக்கொள்ளுதல், பாவு சரியாகத் திறக்காமை, தேய்ந்த பிக்கர், பெட்டிக்குள் நாடா எகிறித் திரும்புதல் ஆகியவை முக்கியமானவை. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரின் வேகம் தளர்ந்து, நாடா வாங்கும் அடியும் தளரும். கட்டம் போட்ட கைலி நெய்யும் தறிகளில் இன்னொரு தொல்லையும் சேரும். நிறத்துக்கு ஒரு நாடாவாக, ஏறி இறங்கும் பல பெட்டிகள் அங்கே இருக்கும். பெட்டி சரியான மட்டத்தில் நிற்காவிட்டால் நாடா அதன் வாயிலில் முட்டி நிற்கும்.

நிலை அச்சுத் தறி

காப்பு அமைப்பில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் அச்சு ஸ்லேயோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். இதை நிலை அச்சுத் தறி எனலாம். தறிக்கூடங்களில் பாஸ்ட் ரீடு.

நாடாப் பெட்டியின் பின் சுவரில் வளைந்த ஒரு கட்டை பிதுங்கி நிற்கும். இதற்கு ஸ்வெல் என்று பெயர். நாடா பெட்டிக்குள் நுழையும்போது இந்தக் கட்டையைப் பின்னால் தள்ளும். ஸ்லேயின் அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு கம்பி ஓடுகிறது. ஸ்வெல் பின்னால் போனால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல் போன்ற உறுப்பு அந்தக் கம்பியைச் சிறிது திருப்பும். கம்பியோடு பொருத்தப்பட்ட டாகர் என்னும் இரும்பு நாக்கு அப்போது மேலே உயரும். டாகர் என்றால் குத்துவாள். அதற்கு எதிரே தறியின் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கட்டைக்குப் பிராக், அதாவது தவளை என்று பெயர். இந்தப் பெயர்களை முதலில் வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ, அவை உலகெங்கும் அப்படியே நிலைத்துவிட்டன.

நாடா சரியாக வந்து சேர்ந்தால் உயர்ந்து நிற்கும் டாகர் தவளையின் மேலாகக் கடந்துபோகும், நெசவு தொடரும். நாடா வரவில்லை என்றால் ஸ்வெல் அசையாது, டாகர் உயராது. ஸ்லே முன்னால் வரும்போது டாகர் நேரே தவளையில் போய்க் குத்தும். அச்சுக்கும் துணிக்கும் நடுவில் நாடா நசுங்காத அளவுக்கு இடைவெளி இருக்கும்போதே ஸ்லே நின்றுவிடும். கூடம் முழுவதும் கேட்கும் ஒரு பெருஞ்சத்தத்தோடு இது நடக்கும்.

பாவு தப்பியது, ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஸ்லே, கிராங்கு தண்டு, சக்கரங்கள் எல்லாம் ஒரே நொடியில் நிறுத்தப்பட்ட அதிர்ச்சி எங்கே போகும்? தவளை வழியாகத் தறியின் சட்டத்துக்குள்தான். பழைய தறிகளில் வார்ப்பிரும்புச் சட்டங்களில் விரிசல் விழவும், பல்சக்கரத்தின் பற்கள் நொறுங்கவும் இது ஒரு காரணம். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், திடீர் அடியைத் தாங்காது. அதாவது நூலைக் காக்க வந்த அமைப்பே இரும்பை உடைக்கத் தொடங்கியது.

இதற்குச் செய்யப்பட்ட திருத்தம் எளிமையானது, ஆனால் மிகுந்த பயனுடையது. தவளையைச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டாமல், சிறிது நகரும்படி வைத்து, அதன் பின்னால் வலுவான ஒரு சுருள்வில்லை நிறுத்தினார்கள். டாகர் குத்தும்போது வில் அமுங்கி அடியின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது. தவளை நகரும் அந்தச் சிறு தூரம் மற்ற இரண்டு வேலைகளையும் செய்கிறது: தறியின் ஓட்டுக் கைப்பிடியைப் பள்ளத்திலிருந்து தள்ளி மோட்டாரின் இழுப்பைத் துண்டிக்கிறது, பிரேக்கையும் இறுக்குகிறது. ஒரு பொருளை நிறுத்தும் நேரம் நீண்டால் அதன் மேல் விழும் விசை குறையும் என்று உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் படிக்கும் செய்திதான் இது. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதும் இதற்காகவே.

தளர் அச்சுத் தறி

இரண்டாம் வகையின் சிந்தனையே வேறு. ஸ்லேயை நிறுத்துவதற்குப் பதிலாக, நாடா சிக்கினால் அச்சே வழிவிட்டு விலகட்டும் என்பது அது. 1840களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் ஜேம்ஸ் புல்லோ, வில்லியம் கென்வொர்தி ஆகிய இருவரும் உருவாக்கிய மேம்பாடுகளில் இதுவும் ஒன்று. ஊடை அறுந்தால் தறியை நிறுத்தும் முள், துணியின் அகலத்தைத் தானே பிடித்து வைக்கும் உருளை ஆகியவையும் அவர்கள் தறியில் இருந்தன. 1842-இல் உருவான அந்தத் தறி லங்காஷையர் தறி என்று பெயர் பெற்றது. எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றது 1785-இல். தறிக்கு விசை கிடைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் சென்ற பிறகே, ஒருவர் பல தறிகளை நம்பிக்கையோடு பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது.

தளர் அச்சில், அச்சின் மேல் விளிம்பு மட்டுமே ஸ்லேயின் மூடியில் தங்கியிருக்கும். கீழ் விளிம்பை ஒரு நீளச் சட்டம் மெல்லிய வில்லின் துணையோடு தாங்கியிருக்கும். நாடா ஓடும்போது அச்சு ஆடாமல் இருக்க இந்த வில் போதும். ஊடையை அடிக்கும் கணத்திலோ அச்சு உறுதியாக நின்றாக வேண்டும். அதற்காக டாகர் அப்போது ஒரு கட்டையின் அடியில் நுழைந்து அச்சைப் பூட்டிவிடும். நாடா நடுவில் சிக்கியிருந்தால் அது அச்சின் அடிப்பகுதியைப் பின்னால் தள்ளும். அச்சு சாய, டாகர் உயர்ந்து கட்டையின் மேலே ஏறிப் போகும், பூட்டு விழாது. அதே அசைவு ஓட்டுக் கைப்பிடியையும் தட்டிவிடத் தறி நிற்கும். பெருஞ்சத்தமும் இல்லை, பெரிய அதிர்ச்சியும் இல்லை.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. நிலை அச்சுத் தறியில் டாகர் தவளையை அடைவதற்கு முன்பே நாடா பெட்டிக்குள் புகுந்து ஸ்வெல்லைத் தள்ளியாக வேண்டும். அதனால் நாடாவைக் கடுமையாக அடித்து விரட்ட வேண்டியிருக்கிறது. தளர் அச்சில் அந்த அவசரம் குறைவு. ஆகவே ஒரே வேகத்தில் பிக்கிங் அடியைக் குறைக்கலாம், அல்லது அதே அடியில் வேகத்தைக் கூட்டலாம். பிக்கிங் குச்சிக்கும் பிக்கருக்கும் இதனால் ஆயுள் கூடும். குறை ஒன்றுதான்: தளர் அச்சால் மிக அழுத்தி அடிக்க முடியாது. மெல்லிய, நடுத்தரத் துணிகளுக்கு இது ஏற்றது. கித்தான், டிரில் போன்ற கனத்த துணிகளுக்கு நிலை அச்சே வேண்டும்.

பிக்கரும் தோலும்

நாடாவை நேரே அடிக்கும் உறுப்பு பிக்கர். இரும்பால் செய்தால் நாடாவின் முனை சிதையும். மரத்தால் செய்தால் பிக்கர் பிளக்கும். எனவே நெடுங்காலம் எருமைத் தோலை மடித்து அழுத்தியே அதைச் செய்தார்கள். வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை என்று பதனிட்ட தோலுக்குப் பெயர் பெற்ற பகுதியில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும்: பிக்கருக்கு உகந்தது பதனிடாத பச்சைத் தோல். பதனிட்ட தோல் வளைந்து கொடுக்கும். உலர்ந்த பச்சைத் தோலோ விறைப்பாகவும் அதே வேளை பிளவாமலும் இருக்கும். செய்த பிக்கரை எண்ணெயில் நெடுநாள் ஊறவைத்து, பிறகு உலர்த்திப் பயன்படுத்துவது வழக்கம். பிக்கிங் வார், நாடாவின் வேகத்தைத் தணிக்கும் செக் வார் ஆகியவற்றுக்கு மாறாகப் பதனிட்ட தோலே வேண்டியிருந்தது. இன்று இவற்றின் இடத்தில் பெரும்பாலும் நைலான் போன்ற செயற்கைப் பொருள்கள் வந்துவிட்டன.

செக் வார் எளிய பொருள் என்றாலும் அதன் பங்கு பெரிது. அது தளர்ந்தால் நாடா பெட்டியின் கடைசி வரை போய் மோதி எகிறித் திரும்பும். அடுத்த முறை பிக்கரின் அடி பாதியாகத்தான் கிடைக்கும். நாடா நடுவழியில் நிற்கும். டாகர் அடிக்கும் தறியில் பல முறை குற்றம் டாகரில் இல்லை, இந்த வாரில் இருக்கும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

நிலை அச்சுத் தறியில் இரண்டு டாகர்களும் இரண்டு தவளைகளையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒன்று முந்தினால் ஸ்லே முறுக்கிக்கொள்ளும். அந்தப் பக்கத்து வாளும் கிராங்கும் முழு அடியையும் வாங்கும். இருபுறமும் ஒரே தடிமனுள்ள காகிதத் துண்டுகளை இடையில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி, இரண்டும் ஒன்றுபோல் இறுகுகின்றனவா என்று இழுத்துப் பார்த்தால் போதும். இந்தச் சோதனை மின்சாரத்தைத் துண்டித்த பிறகே செய்யத்தக்கது.

டாகரின் முனை தேய்ந்து உருண்டுவிட்டால் தவளையில் நிற்காமல் வழுக்கி ஏறிவிடும். அப்போது காப்பு இருந்தும் இல்லாததற்குச் சமம். முனையைத் தீட்டிச் சதுரமாக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். ஸ்வெல்லின் வில் தளர்ந்தாலும் ஆபத்து. நாடா வராமலே ஸ்வெல் பின்னால் தங்கி, டாகர் எப்போதும் உயர்ந்தே நிற்கும்.

அடிக்கடி தறி நிற்கிறது என்று டாகரைக் கம்பியால் மேலே கட்டி ஓட்டுவது மிகத் தவறான வேலை. கூலி கணக்கில் அன்றைக்கு இலாபம் போலத் தோன்றும்; அடுத்த சிக்கலில் முழுப் பாவும் போகும். சிக்கிய நாடா தறியை விட்டு வெளியே பாயவும் கூடும். உலோக முனையுள்ள நாடா மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் முகத்துக்கு நேரே வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்லேயின் மேல் நீளவாக்கில் பொருத்தும் நாடாத் தடுப்புக் கம்பியை எந்தத் தறியிலும் கழற்றி வைக்கக் கூடாது.

பிற்கால மாற்றங்கள்

தட்டைப் பெல்ட்டில் ஓடிய பழைய தறிகளில், தறி திடீரென நின்றால் பெல்ட் வழுக்கி அடியை ஓரளவு தணித்தது. மோட்டாரோடு பல்சக்கரத்தால் நேரே இணைத்த தறிகளில் இந்த வழுக்கல் இல்லாததால், உராய்வுக் கிளட்சும் நல்ல பிரேக்கும் இன்றியமையாதவை ஆயின. 1953-இல் விற்பனைக்கு வந்த சுல்சர் தறி போன்ற நாடா இல்லாத தறிகளில் இந்தச் சிக்கலே பெரிதும் மாறிவிட்டது; ஊடையைக் கொண்டுசெல்லும் சிறு உலோகத் துண்டு நேரத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதைத் தறியே சரிபார்த்து நின்றுகொள்கிறது.

ஆனால் அத்தகைய தறியின் விலை சிறு கூடங்களுக்கு எட்டாதது. இருக்கும் தறியையே மேம்படுத்தும் நோக்கில், ஒன்றிய அரசு 2017 ஏப்ரலில் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில், சாதாரண விசைத்தறிகளில் ஊடை அறுந்தால் நிறுத்தும் கருவி, பாவு அறுந்தால் நிறுத்தும் கருவி, திறன் மிக்க பிரேக், எண்ணெய் தேவைப்படாத நைலான் உறுப்புகள் போன்றவற்றைப் பொருத்த மானியம் இடம்பெற்றது. பொதுப் பிரிவினருக்குச் செலவில் 50 விழுக்காடும், பட்டியல் சாதியினருக்கு 75 விழுக்காடும், பழங்குடியினருக்கு 90 விழுக்காடும் உச்ச வரம்புக்கு உட்பட்டு வழங்க அதில் வகை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் 1956-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், சிட்ரா, பல ஊர்களில் விசைத்தறிச் சேவை மையங்களை நடத்துகிறது. தறி பழுதுபார்ப்பவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் அங்கே பயிற்சி தரப்படுகிறது.